‘ரேடியோ நெல்’ கொடுத்த வானொலி... நம்ம ஊர்ச் சேதியை இனி யார் சொல்வது?

ஏ.டி.டி. 27. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் வெளியிட்ட குறுகிய கால நெல் ரகம். அன்றைய தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகளின் வாயில் இந்த எழுத்தும் நம்பரும் நிற்கவில்லை. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. விதை வந்தது ஆடுதுறையிலிருந்து. ஆனால், அந்த விதையைப் பற்றிய சேதி வந்தது திருச்சி வானொலியிலிருந்து. சேதி சொன்னவர் பெயரே நெல்லுக்கும் நிலைத்துவிட்டது. ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விருதை எந்த அரசாங்கமும் கொடுத்துவிட முடியாது.

பழங்கதை எதற்கு என்று தோன்றலாம். நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களில், பூச்சி, உரம், மானியம் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இன்னொரு வகைக் கேள்வியும் தலைகாட்டுகிறது. ‘முன்ன மாதிரி எங்க ஊர்ல ரேடியோ எடுக்க மாட்டேங்குதே, ஏன்?’, ‘விவசாய நிகழ்ச்சிக்குக் கேள்வி எப்படி அனுப்புறது?’, ‘எஃப்.எம்-ல பாட்டுதான் வருது, நம்ம பக்கத்துச் சேதி ஏன் வர்றதில்ல?’ நாலு வரியில் பதில் போட்டால் பாதிதான் சொன்னதாகும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்த நெல் எப்படிப் பரவியது?

1960-களின் தொடக்கத்தில், நாட்டில் சில மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்துத் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று ஊர்ப்பக்கம் பேசிக்கொண்டார்களே, அதுதான். அதில் தஞ்சாவூரும் ஒன்று. ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும், நம் ஊர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து ஆடுதுறையில் உருவாக்கியதுதான் ஏ.டி.டி. 27. நூற்று ஐந்து நாள் வயது என்பதால் குறுவைக்குப் பொருத்தம். குறுவையை முடித்துவிட்டு அதே வயலில் அடுத்த போகத்தைத் தொடங்க நாள் மிச்சமிருக்கும்.

ரகம் நல்ல ரகம்தான். ஆனால், நல்ல ரகம் என்று விவசாயிக்கு யார் சொல்வது? அன்றைக்கு ஒரு கிராம சேவக்குக்குப் பத்து ஊர். எல்லாருடைய நாற்றங்காலுக்கும் அவரால் போய் நிற்க முடியாது. அந்த நேரத்தில்தான், 1966-ல் அகில இந்திய வானொலி நாட்டின் சில நிலையங்களில் பண்ணை - இல்ல ஒலிபரப்புப் பிரிவைத் தொடங்கியது. திருச்சி அவற்றில் ஒன்று. பாட்டு, நாடகம் நடத்துகிற ஆட்களோடு கூட, வேளாண்மை படித்தவர்களையும் வானொலி நிலையத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்த ஏற்பாடு இது. பண்ணை வானொலி அலுவலர், பண்ணைச் செய்தியாளர் என்றெல்லாம் தனிப் பதவிகளே இருந்தன. அவர்களுடைய வேலை ஸ்டூடியோவுக்குள் மட்டுமல்ல, வரப்பிலும்தான்.

விதை எங்கே கிடைக்கும், நாற்றை எத்தனை நாளில் பறிக்க வேண்டும், மேலுரம் எப்போது போட வேண்டும் என்பதையெல்லாம், வேலை நடக்கிற அந்தந்த வாரத்திலேயே சொன்னதுதான் இந்த ஒலிபரப்பின் பலம். டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ அதைச் சொல்லியிருக்க முடியாது. மேட்டூர் எப்போது திறந்தது, கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் தண்ணீர் விட்டார்கள், கும்பகோணம் பக்கம் நடவு முடிந்துவிட்டதா, மன்னார்குடி பக்கம் இன்னும் நாற்றுதானா என்பதெல்லாம் தெரிந்தவர்தான் ‘இந்த வாரம் இதைச் செய்யுங்கள்’ என்று சொல்ல முடியும். பக்கத்தில் இருப்பவரின் சொல்லுக்குத்தான் அந்தத் துல்லியம் வரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இயற்கை விவசாயம் செய்கிற நம் வாசகர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. அதே வானொலிதான் யூரியா மூட்டையையும் பூச்சிமருந்து டப்பாவையும் வீட்டுத் திண்ணை வரைக்கும் கொண்டுவந்தது. நீண்ட கால சம்பா ரகங்கள் ஒவ்வொன்றாக வயலைவிட்டுப் போன காலமும் அதுதான். வானொலி ஒரு வாய்க்கால் மாதிரி. எந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோமோ, அது பாயும். அப்படியானால் மதகுச் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டுமே தவிர, வாய்க்காலைத் தூர்த்துவிடலாமா?

கேட்டுவிட்டுப் பேசிய ஊர்கள்

இந்தக் கேள்விக்கு 1956-லேயே ஒரு பதில் கிடைத்தது. மகாராஷ்டிராவில் புனே பகுதியைச் சுற்றி ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களை எடுத்துக்கொண்டு, யுனெஸ்கோ உதவியுடன் அகில இந்திய வானொலி ஒரு சோதனை செய்தது. ‘வானொலி உழவர் மன்றம்’ என்று நாம் சொல்லலாம். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பத்து வாரம். மொத்தம் 20 ஒலிபரப்புகள். ஊருக்கு இருபது பேர் அளவில் ஒரு மன்றம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசுவார்கள். ‘நம்ம ஊருக்கு இது ஆகுமா, ஆகாதா?’ சந்தேகம் வந்தால் எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அடுத்து வரும் ஒலிபரப்பில் பதில் வரும். ‘கேள், பேசு, செய்’ என்பதுதான் அந்தத் திட்டத்தின் தாரக மந்திரம்.

பால் நியூராத் என்ற சமூகவியல் பேராசிரியர் இதை ஆய்வு செய்தார். மன்றம் உள்ள ஊர், வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர், பெட்டியே இல்லாத ஊர் என்று மூன்று வகையாகப் பிரித்து ஒப்பிட்டார். மன்றம் வைத்துப் பேசிய ஊர்களில், விஷயம் தெரிந்துகொண்டவர்களின் அளவு நன்றாகவே கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதாவது, ஊருக்கு ஒரு ரேடியோ வாங்கி வைத்துவிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. கேட்டதைப் பற்றிப் பேச நாலு பேர் வேண்டும், அவர்கள் பேசியது திரும்பவும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

1959-ல் இந்த மன்றங்களை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டிலும் மன்றங்கள் அமைந்தன. பஞ்சாயத்து ரேடியோவையும் அதன் ஒலிபெருக்கியையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆனால், கிராமத்துக்குக் கிராமம் பெட்டியைப் பழுது பார்க்கவும், கேள்விகளைச் சேர்த்து அனுப்பவும், வந்த கேள்விக்கெல்லாம் பதில் போடவும் ஆளும் பணமும் வேண்டுமே. அதெல்லாம் குறையக் குறைய, மன்றங்களும் தேய்ந்துபோயின. அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. ஊரே ஒன்றாகக் கேட்ட வானொலி, அவரவர் தோளில் தொங்கிக்கொண்டு வயலுக்குப் போனது. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். களை பறிக்கிற பெண்கள் வரப்பில் பெட்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். பஞ்சாயத்து ரேடியோ பக்கம் அந்தக் காலத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்தது குறைவு.

பேச்சு மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர். திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சிகளில் வேலை பார்த்தவர். அவசரப்படாமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசி, கடைசியில் ஒரு சிரிப்பில் முடிக்கிற அந்தப் பாணி வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. விவசாயியிடம் பேசிப் பழகிய நாக்கு அது.

ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிலையம்

சென்னை நிலையம் 1938-ல் வந்தது, திருச்சி 1939-ல். வெகு காலத்துக்குத் தமிழ்நாட்டு வானொலி என்றால் இந்த இரண்டும்தான். திருநெல்வேலி 1963-ல், கோயம்புத்தூர் 1966-ல், புதுச்சேரி 1967-ல், மதுரை 1987-ல் என்று மற்றவை பிறகு சேர்ந்தன. நடுவில் ஒன்று நடந்தது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். இந்தியாவிலேயே முதல் ‘உள்ளூர் வானொலி நிலையம்’ என்ற பெயர் அதற்கு.

உள்ளூர் நிலையம் என்றால் என்ன வித்தியாசம்? பெரிய நிலையங்கள் ஏழெட்டு மாவட்டங்களுக்குப் பொதுவாகப் பேசும். உள்ளூர் நிலையத்துக்கு ஒரு மாவட்டம்தான் உலகம். கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ரப்பர், நடுவில் வாழையும் நெல்லும் தென்னையும், தெற்கே வரிசையாக மீனவர் ஊர்கள். பேச்சு வழக்கே தனி. நெல்லைக்காரருக்குப் பொருந்துகிற நடவு நாள்கூட அங்கே பொருந்தாது, இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் அது. அந்த மாவட்டத்துக்காரரை அந்த மாவட்டத்துப் பேச்சிலேயே பேச வைத்து, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் உள்ளூர் வானொலியின் வேலை. இன்று ‘குமரி பண்பலை’ என்று 101 மெகாஹெர்ட்ஸில் கேட்பது அதன் தொடர்ச்சிதான்.

இப்படிப்பட்ட நிலையங்கள் தேவை என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி முழுக்க முழுக்க அரசின் வாயாகவே இருந்தது. அது முடிந்ததும் அமைக்கப்பட்ட பி.ஜி. வர்கீஸ் குழு, 1978-ல் கொடுத்த அறிக்கையில், ஒலிபரப்பு அரசின் பிடியிலிருந்து விடுபட வேண்டும், அதிகாரம் கீழே வரைக்கும் பரவ வேண்டும் என்றது. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆனது. அரசின் பிடி முழுசாக விட்டுப்போனதா என்று கேட்டால், செய்தி கேட்கிற எவருக்கும் பதில் தெரியும். அமைச்சர் மதகைத் திறந்துவைத்தது முதல் செய்தியாக வரும். அந்த மதகுத் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தது கடைசியில் வரும், அல்லது வராது. இந்தக் குறையை மறைத்துக்கொண்டு வானொலிக்குப் பல்லக்குத் தூக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் நமக்கு உதவுகிற ஒரு பிரிவு இருக்கிறது. 12-வது பிரிவு. வேளாண்மை, கிராம முன்னேற்றம், கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றும், பல்வேறு பகுதிகளின் மொழிகளுக்கும் பண்பாட்டுக்கும் போதிய இடம் தர வேண்டும் என்றும் அது கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. விவசாயிக்கு நிகழ்ச்சி போடுவது சலுகை அல்ல, சட்டப்படியான வேலை.

மற்றவர்கள் ஏன் சொல்லக் கூடாது?

‘வானொலி நிலையம் சொல்லாவிட்டால் என்ன, எஃப்.எம். நிலையங்கள் இத்தனை இருக்கின்றனவே?’ என்று கேட்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு, பேரிடர் எச்சரிக்கை போன்ற தகவல்களைச் சொல்லலாம். செய்தி என்றால், அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிகளுக்கும் செய்தி விஷயத்தில் இதே கட்டுப்பாடுதான்.

டி.வி. சேனல் நூறு செய்தி சொல்லலாம். பத்திரிகை சொல்லலாம். செல்போனில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்கிறார்கள், அதில் உண்மை எது, புரட்டு எது என்று பிரிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. வானொலியில் மட்டும், நம்ம மாவட்டத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லும் உரிமை ஒரே ஒருவரிடம்தான். அந்த ஒருவர் உள்ளூர் நிகழ்ச்சி நேரத்தைக் குறைத்துவிட்டு, வேறு எங்கிருந்தோ வருவதை அஞ்சல் செய்யத் தொடங்கினால், அந்த இடத்தை நிரப்ப வேறு வானொலிக்குச் சட்டத்திலேயே வழி இல்லை.

1953-ல் லக்னோவிலும் நாக்பூரிலும் மாநிலச் செய்தி அறிக்கைகள் தொடங்கியபோதே, டெல்லியில் உட்கார்ந்துகொண்டு ஊர்ச் செய்தி சொல்ல முடியாது என்பது வானொலிக்காரர்களுக்குப் புரிந்திருந்தது. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்த வீடுகள் எத்தனையோ. அந்தச் செய்தி நாட்டு நடப்புக்கு. ஊர் நடப்புக்கு மாநிலச் செய்தியும், மாவட்டங்களில் உள்ள பகுதிநேரச் செய்தியாளர்கள் அனுப்பும் சேதியும்தான். இரண்டும் வேண்டும். ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது.

ஒரு உதாரணம். மேட்டூர் அணை முழுக் கொள்ளளவு 120 அடி. குறுவைக்குத் தண்ணீர் திறக்க மரபான நாள் ஜூன் 12. அணை திறந்ததை எல்லாரும் சொல்வார்கள். கல்லணை தாண்டி, எந்தக் கிளை வாய்க்காலில் முறை வைத்திருக்கிறார்கள், எங்கே மதகு வேலை முடியாமல் கிடக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அறுவடையில் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழைக் காலத்தில் சில சமயம் தளர்வு கொடுக்கிறார்கள். தளர்வு கொடுத்தார்களா, எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தேதி வரை என்பது ஒரு நாள் தாமதமாகத் தெரிந்தாலும், களத்தில் குவித்து வைத்த நெல் முளைத்துவிடும். வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மாவட்டச் செய்தி ஒரு நிமிஷம் வருவதும் வராததும் மூட்டைக் கணக்கில் தெரியும்.

ஏன் எடுக்கவில்லை?

இப்போது வாசகர்களின் முதல் கேள்விக்கு வருவோம். பழைய பெரிய நிலையங்கள் ‘மத்திய அலை’யில், அதாவது மீடியம் வேவில் ஒலிபரப்பானவை. மத்திய அலை தரையை ஒட்டியே போகும். பெரிய ஒலிபரப்பியாக இருந்தால் பகலில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் தாராளமாக எடுக்கும். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் வெகு தூரம் போகும். இலங்கை வானொலியை இங்கே கேட்டதும் அப்படித்தான். எஃப்.எம். எனப்படும் பண்பலை, கண்ணுக்கு எட்டுகிற தூரம் போல நேர்கோட்டில் போவது. ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் கோபுரத்தின் உயரத்தையும் சக்தியையும் பொறுத்து ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் மங்கிவிடும். மலை குறுக்கே வந்தால் அதற்கும் முன்பே.

நாடு முழுக்கப் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டுப் பண்பலைக்கு மாறி வருகிறார்கள். பழைய இயந்திரங்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை, மின்சாரச் செலவும் அதிகம். காரணம் நியாயமானதுதான். ஆனால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு நிலையத்தைத் தன் நிலையமாக நினைத்துக் கேட்ட ஊர்கள் இந்த மாற்றத்தில் விடுபட்டுப்போகின்றன. திருச்சிக்கும் வேதாரண்யத்துக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சிப் பண்பலை அங்கே எட்டாது. காரைக்காலில் ஒரு நிலையம் இருப்பதால் நாகைக் கடற்கரைக்கு ஓரளவு ஆறுதல். எல்லாப் பகுதிக்கும் அப்படி அமையவில்லை.

2023 ஏப்ரல் 28 அன்று நாடு முழுக்க 91 சிறிய பண்பலை ஒலிபரப்பிகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஒவ்வொன்றும் 100 வாட். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், 100 வாட் கருவி சுற்றிலும் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குத்தான் போதும். அதைவிட முக்கியம், ஒலிபரப்பி வேறு, நிலையம் வேறு. ஒலிபரப்பி என்பது குழாய். நிலையம் என்பது ஸ்டூடியோ, நிகழ்ச்சி அலுவலர், ஊருக்குப் போய்ப் பதிவு செய்ய ஒரு வண்டி, கடிதம் படிக்க ஓர் ஆள். உங்கள் ஊருக்கு ‘எஃப்.எம். வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், குழாய் வந்ததா, கிணறும் வந்ததா என்று கேளுங்கள்.

‘ஆப்பில் கேட்கலாமே’ என்பார்கள். ஆகாசவாணி நிலையங்களை இன்டர்நெட்டில் கேட்க முடியும், உண்மை. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. ஆனால், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு என்ன ஆனது? மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. லட்சக்கணக்கான தென்னைகளை இழந்து நின்ற விவசாயிக்கு, கணக்கெடுப்பு எப்போது, எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்ற சேதி தேவைப்பட்ட நேரத்தில் எந்த ஆப்பும் திறக்காது. இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடுகிற ரேடியோ அப்போதும் பேசும். ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னால் ஒரு பெட்டியும், நாலு பேட்டரியும் வாங்கி வைப்பது கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு நல்லது.

வாங்கும்போது மத்திய அலையும் பண்பலையும் இரண்டும் எடுக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மத்திய அலை சரியாக எடுக்காவிட்டால் கம்பியை இழுத்து நீட்டிப் பயனில்லை. அதற்கான ஏரியல் பெட்டிக்கு உள்ளே ஒரு கறுப்புக் கம்பியாகக் கிடக்கிறது. பெட்டியையே கிழக்கு மேற்காக, தெற்கு வடக்காகத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் தெளிவாகும். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், பம்ப்செட் ஸ்டார்ட்டர் பக்கத்தில் வைத்தால் இரைச்சல்தான் வரும். பண்பலைக்கு மட்டும்தான் வெளியே இருக்கிற கம்பி. செல்போனில் எஃப்.எம். கேட்பதாக இருந்தால் இயர்போன் வயர்தான் ஏரியல், அதைச் சொருகாமல் எடுக்காது. புதிய போன்கள் பலவற்றில் இந்த வசதியே இல்லை. 2023-ல் மத்திய அரசு, போன் கம்பெனிகள் எஃப்.எம். வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி அனுப்புவது எப்படி?

விவசாயிகளுக்கு இலவசப் போன் வசதி 2004-ல் வந்தது, கிசான் கால் சென்டர், 1800-180-1551. பயனுள்ளதுதான். ஆனால், அதில் நீங்கள் கேட்கிற கேள்விக்கான பதில் உங்கள் காதோடு போய்விடுகிறது. அதே கேள்வியை வானொலிக்கு அனுப்பினால், அதே சந்தேகத்தோடு இருக்கிற ஆயிரம் பேர் பதிலைக் கேட்பார்கள். உங்கள் பக்கத்தில் குருத்துப்பூச்சி வந்திருப்பது பக்கத்துத் தாலுகாவுக்கு எச்சரிக்கையாகவும் ஆகும். கேள்வியே ஒரு செய்தி.

அதனால் எழுதும்போது பொத்தாம்பொதுவாக, ‘நெல்லில் பூச்சி வருகிறது, என்ன செய்வது?’ என்று எழுதாதீர்கள். ஊர், தாலுகா, ரகம், நட்ட தேதி, எத்தனை ஏக்கரில் எத்தனை பங்கு பாதித்திருக்கிறது, கடைசியாக என்ன தெளித்தீர்கள் என்பதை எழுதுங்கள். பதில் சொல்கிறவருக்கும் உபயோகம், கேட்கிறவருக்கும் உபயோகம். நிலையத்தின் பெயரைப் போட்டு, ‘பண்ணை நிகழ்ச்சிப் பிரிவு’ என்று குறித்து தபாலில் அனுப்பினாலே போய்ச் சேரும்.

பூச்சிக் கேள்வியோடு நிறுத்த வேண்டாம். கொள்முதல் நிலையம் திறக்கவில்லையா, உப்பாறு உள்ளே ஏறி வருகிறதா, பள்ளிக்கூடப் பேருந்து நின்றுவிட்டதா, அதையும் எழுதலாம். ‘நம்ம ஊருக்கு ஒரு தடவை வந்து பதிவு செய்யுங்கள்’ என்று அழைக்கலாம். உழவர் உற்பத்தியாளர் குழுவோ, மகளிர் சுய உதவிக் குழுவோ சேர்ந்து அழைத்தால் மதிப்பு அதிகம். பத்துப் பேர் இருக்கிற ஒரு குழு, வாரம் ஒரு நாள் கூட்டத்தின்போது அரை மணி நேரம் சேர்ந்து கேட்டுவிட்டுப் பேசினால், அதுதான் 1956-ல் புனே கிராமங்களில் நடந்தது. பாடம் பாடமாக விவசாயம் சொல்லித்தரும் பண்ணைப் பள்ளி ஒலிபரப்புகளையும் வானொலி நிலையங்கள் நடத்துவது உண்டு. பெயர் பதிந்துகொண்டு கேட்கலாம், அடுத்தது எப்போது என்று அந்தக் கடிதத்திலேயே விசாரியுங்கள். பண்ணை நிகழ்ச்சிகளுக்கு விவசாயிகளையும் சேர்த்து ஆலோசனைக் குழு வைக்கும் மரபும் இருக்கிறது. உங்கள் நிலையத்தில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அதில் சிறு விவசாயி எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவதில் தப்பே இல்லை.

சமுதாய வானொலி என்ற வழியும் இருக்கிறது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி தொடங்கியது. 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும்கூட உரிமம் பெறலாம் என்றானது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் ‘கடல் ஓசை’ 90.4 தொடங்கியிருக்கிறது, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று, அலை நிலவரம் சொல்கிறது. செய்தி அறிக்கை வாசிக்க அனுமதி இல்லாவிட்டாலும், விவசாயம், வானிலை, சந்தை, ஊர்த் திருவிழா, ஊர்ப் பாட்டு எல்லாம் அங்கே இடம்பெறும். ஆனால், உரிமம், கருவி, மாதச் சம்பளம் என்று பார்த்தால் ஒரு சின்னச் சங்கத்தால் தனியாக இழுக்க முடிகிற தேர் அல்ல. ஏற்கெனவே நம் வரிப்பணத்தில் கட்டி, ஸ்டூடியோவும் ஆளும் இருக்கிற நிலையத்தைச் சரியாக வேலை வாங்குவதுதான் முதலில் செய்யக்கூடியது.

வரவேற்பு சரியில்லை என்று புகார் எழுதுகிறவர்கள், ஊரின் பின்கோடு, கேட்ட தேதி, நேரம், எந்த அலைவரிசை, பகலா இரவா, பக்கத்து ஊரில் எடுக்கிறதா என்பதையும் சேர்த்து நிலையத்தின் பொறியியல் பிரிவுக்கு எழுதுங்கள். பத்து ஊரிலிருந்து இப்படிப் பத்துக் கடிதம் போனால், எந்தப் பக்கம் ஒலி எட்டவில்லை என்று அவர்களே ஒரு வரைபடத்தில் குறித்துவிட முடியும். கடிதத்தின் நகல் ஒன்றை நம் இதழுக்கும் அனுப்பிவையுங்கள். நிலையத்திலிருந்து வருகிற பதிலைக் கேள்வி-பதில் பகுதியில் வெளியிடுகிறோம்.